கீர்த்திகா உள்ளே இருக்கிறார்

கணினி புது அப்டேட்டை விழுங்கி, அணைந்து எழுந்து, மறுபடி அணைந்து, கடைசியில் கண்ணைத் திறந்தபோது, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலி கீர்த்திகாவின் பெயரைச் சரியாக எழுதியிருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் பெயரை எந்த இயந்திரமும் இதுவரை சரியாக எழுதியதில்லை. அப்பா கதிர்காமநாதன் ஆயுசு முழுக்க கிளார்க் வேலை பார்த்து, ஊரார் பெயரையெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொடுத்தவர். சொந்த மகளின் பிறப்புப் பத்திரத்தை மட்டும் சந்தோஷத்தில் படித்துப் பார்க்காமலே வாங்கி வந்துவிட்டார். அதில் அவள் கிரிட்டிகா. அடையாள அட்டையிலும் கிரிட்டிகா, கிளினிக்கில் மருந்து வாங்கக் கூப்பிடும்போதும் கிரிட்டிகா. “கிரிக்கெட்டுக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி” என்று புருஷன் யுகேந்திரன் கல்யாணமான புதிதிலிருந்து கேலி செய்கிறான். அவளும் சிரித்துக்கொள்வாள், ஆனாலும் அது செருப்பில் சிக்கிய கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது கைப்பேசித் திரையில், ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே, அவள் பெயர் மட்டும் தமிழில் இருந்தது. கீர்த்திகா. அந்தக் ‘கீ’யின் சுழி தலைமேல் அழகாக உட்கார்ந்திருந்தது. கீர்த்திகா புதிய சாதனத்திலிருந்து உள்ளே வர அனுமதி கேட்கிறார், அது நீங்கள்தானா என்று செயலி கேட்டது. அப்டேட் ஆன தன் கணினியைத்தான் சொல்கிறது என்று நினைத்தாள். பெயரைப் பார்த்த பூரிப்பு வேறு. யோசிக்காமல் ‘ஆம்’ என்பதைத் தொட்டாள்.

மசங்கிய நேரத்தில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே ‘ஏன்’ என்று கேட்கக்கூடாது என்பது அவள் அம்மா வீட்டுப் பழக்கம். வேண்டாதது வந்தால் மூன்றாம் தடவை கூப்பிடாதாம். மனுஷர்கள்தான் கூப்பிடுவார்களாம். அதை கீர்த்திகா விளையாட்டாக மகள் தனுஜாவிடம் சொல்லப்போக, அது பெரிய தொந்தரவாகிவிட்டது. குளிக்கக் கூப்பிட்டால்கூட, ஐந்து வயதுக்காரி மூன்று விரலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் ஒரு விரலாக மடக்கி, மூன்றாவது மடங்கிய பிறகே “என்னம்மா” என்று வருவாள். மகளுக்கு இருந்த நிதானம் அன்றைக்கு அம்மாவுக்கு இல்லை.

வெளியே மழை பிடித்திருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். கீழே அப்துல் அஜீஸின் மசாலா அரைக்கும் கடை. மழை நாளில் வறுத்த கொத்தமல்லி வாசமும், ஈரச் சாக்கின் புளித்த வாடையும், பலகைத் தரையின் இடுக்குகள் வழியே மேலே ஏறிவந்து துணிமணியிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம்தான் என்றாலும் வானம் இருண்டு, அவள் எப்போதோ விளக்கைப் போட்டுவிட்டிருந்தாள்.

‘ஆம்’ என்று சொல்லியும் கணினியில் செயலி திறக்கவில்லை. தலைமைக் கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தாள். தவறு என்றது. விசைப்பலகையில் பெரிய எழுத்து ஏதும் அமுங்கிக் கிடக்கிறதா என்று பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தாள். தவறு. செயலியை நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கினாள். கணினியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தாள். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கோப்பு சரிபார்க்கும் வேலை அவளுக்கு, இந்த மாதிரிச் சண்டித்தனம் பழக்கம்தான். கைப்பேசியிலாவது திறப்போம் என்று முகத்தைக் காட்டினாள். முகம் பொருந்தவில்லை. முடியை ஒதுக்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினாள். பொருந்தவில்லை.

அப்போது கைப்பேசி லேசாக அதிர்ந்தது. ‘முன்கதவு’ என்ற குறிப்பை கீர்த்திகா சற்றுமுன் திறந்து பார்த்தார்.

வீட்டுப் பூட்டின் எண்ணை எழுதி வைத்த குறிப்பு அது. அவள் திறக்கவில்லை. அவளால் திறக்கத்தான் முடியவில்லையே. அப்டேட்டின் குழப்பம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. ‘தஸ்கா’ என்ற குறிப்பை கீர்த்திகா திறந்து பார்த்தார்.

தஸ்கா என்பது தனுஜாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம், இரண்டு தெரு தள்ளி. அங்கே பிள்ளையை யாருக்கும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். அழைத்துப்போக வருகிறவர், பெற்றோர் முன்கூட்டியே வைத்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். ‘ரம்புத்தான் குட்டி’ என்பது தனு தானே தேர்ந்தெடுத்த சொல். அது அவர்கள் மூவருக்கும் தஸ்கா ஆசிரியைக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் குறிப்பிலும் இருந்தது.

வேலையாவது மண்ணாவது, முதலில் பிள்ளையைக் கூட்டி வந்துவிடுவோம் என்று எழுந்தாள். குடையைத் தேடினாள். கதவோரம் மாட்டியிருந்த நீலக்குடை அங்கே இல்லை. காலையில் அங்கேதான் இருந்தது. கீழே ஈரமாக ஒரு சின்ன வட்டம் மட்டும் இருந்தது.

கதவின் எண்பூட்டில் எண்களை அழுத்தினாள். பூட்டு சிணுங்கியது. திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். விரல்ரேகையை வைத்தாள். பதிவில் இல்லாத விரல் என்று பூட்டுக்குள்ளிருந்த பெண்குரல் பணிவாகச் சொன்னது. தனு மூன்று வயதில் ஒருநாள் தானே கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு, உள்ளேயிருந்து திறக்கவும் எண் கேட்கிற பூட்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டவன் யுகேந்திரன். ஆபத்துக்கு வைத்திருந்த சாவி அவன் மோட்டார் சைக்கிள் சாவியோடு, அவன் வேலை பார்க்கும் ஜுருவில் இருந்தது. அங்கே தொழிற்சாலைக்குள் நுழையும்போதே கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். தெரிந்தும் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

செயலியின் உதவிப் பகுதியில் நடந்ததை எழுதினாள். அவசரத்தில் பாதி எழுத்து மாறிப்போனது. கணக்கில் உள்ள பெயர் என்ன என்று கேட்டது. கிரிட்டிகா என்று அடையாள அட்டையில் இருக்கிறபடியே அடித்தாள்.

அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று பதில் வந்தது.

கீர்த்திகா என்று அடித்தாள்.

கீர்த்திகா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். நீங்கள் யார்?

கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள். மழை ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது, குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, சமையலறையில் மூடி வைத்த குழம்பின் வாசம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, எல்லாம் அவளுடையதாகவே இருந்தன, ஆனால் அந்த வீடு தன்னை யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. பயமாக இருந்தது. வாய்விட்டே “பயமா இருக்கு” என்றாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

தஸ்கா ஆசிரியை பிரமிளாவைக் கூப்பிட்டாள்.

“ஹலோ, யாரு?”

“டீச்சர், நான் தனுஜாவோட அம்மா. நான் வர்ற வரைக்கும் பிள்ளைய யார்கிட்டயும் கொடுத்துறாதீங்க.”

“ஹலோ? லைன் சரியில்ல லா. சத்தமா பேசுங்க.”

அவள் கத்தினாள்.

“தனுஜா அம்மா இப்பத்தானே வந்து கூட்டிட்டுப் போனாங்க. நீங்க யாரு பேசுறது?”

“நான்தான் டீச்சர் அவ அம்மா. கிரிட்டிகா.”

“இல்லையே.” பிரமிளாவின் குரலில் இப்போது கொஞ்சம் கண்டிப்பு வந்தது. “ரம்புத்தான் குட்டின்னு கரெக்டா சொன்னாங்க. பிள்ளையும் சிரிச்சிக்கிட்டே ஓடுச்சு. பேரைக்கூட மாத்தி எழுதச் சொன்னாங்க. கிரிட்டிகான்னு யாரும் இல்ல டீச்சர், கீர்த்திகான்னு எழுதுங்கன்னு. நீங்க யாருன்னு சொல்லுங்க, இல்லாட்டி போலீஸ்க்கு ரிப்போர்ட் பண்ணுவேன்.”

கீர்த்திகா பேசினாள். வாய் அசைந்தது. அந்தப் பக்கம் “ஹலோ, ஹலோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

ஜன்னலுக்கு ஓடினாள். கம்பி போட்ட ஜன்னல். கீழே அப்துல் அஜீஸ் கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். “அண்ணே. அஜீஸ் அண்ணே.” அவர் நிமிரவில்லை. சமையலறையிலிருந்து ஒரு கரண்டியைக் கொண்டுவந்து கம்பியில் அடித்தாள். அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்தார். மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டு நேராக ஜன்னலைப் பார்த்தார். கம்பிக்கு இடையே கையை நீட்டி ஆட்டினாள். அவர் பார்வை அவள் கைமேல் படிந்து, அதைத் தாண்டி, உள்ளே எரிந்த விளக்குக்குப் போனது.

“அக்கா வெளக்க அணைக்காமப் போயிருச்சு போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு சந்தின் முனையைப் பார்த்துச் சிரித்தார். “என்னக்கா, மழையில பிள்ளைய நனைச்சிட்டியா?”

முனையில் நீலக்குடை திரும்பியது.

குடைக்குக் கீழே தனுவின் மஞ்சள் பை தெரிந்தது. பக்கத்தில் ஒரு புடவை, இல்லை, சுடிதார், பச்சை. கீர்த்திகா இப்போது உடுத்தியிருக்கும் அதே பச்சை. முகத்தைக் குடை மறைத்தது.

பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைத்தார்கள். ஓசை ஈரக்காற்றில் சந்து முழுக்க நிறைந்தது. அது ஓய்ந்தபோது படிக்கட்டில் காலடி கேட்டது. தனுவின் ரப்பர் செருப்பு, சளக் சளக்கென்று. அதோடு இன்னொரு காலடி. நாலாவது படியில் பலகை முனகும் என்று தெரிந்து, அதைத் தாண்டி வைக்கிற காலடி. கீர்த்திகா எப்போதும் அப்படித்தான் ஏறுவாள்.

கதவை இரண்டு கையாலும் தட்டினாள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள்.

தனு நின்றாள். நனைந்த முடி. கையில் பாதி தின்ற பிஸ்கட். அவள் தோளில் ஒரு கை. அந்த மணிக்கட்டில் அப்பளம் பொரித்தபோது எண்ணெய் தெறித்த தழும்பு. அதற்கு மேலே துளையில் தெரியவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ள கீர்த்திகாவுக்குத் துணிவில்லை.

“அம்மா, உள்ள யாரோ தட்டுறாங்க.”

“தட்டட்டும்டா செல்லம்.” கீர்த்திகாவின் குரல்தான். கதவுக்கு வெளியே. “உன் பேரைச் சொல்லிக்கூட கூப்பிடும். உடனே ஏன்னு கேக்கலாமா?”

“கூடாது. மூணு தடவை கூப்பிடணும்.”

“கெட்டிக்காரி.”

தனு மூன்று விரலை நீட்டினாள்.

கீர்த்திகா புரிந்துகொண்டாள். மூன்று தடவை. அவ்வளவுதான். மூன்று தடவை கூப்பிட்டால் பிள்ளை பதில் சொல்லும். அம்மா உள்ளே இருப்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

“தனு.”

ஒரு விரல் மடங்கியது.

“தனு, அம்மாடா.” குரல் தேய்ந்து, மூச்சாக வந்தது. தனு தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டாவது விரல் மடங்கியது.

வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி திறந்தாள். நாக்கு பெயரைச் சொன்னது. உதடு சொன்னது. காற்றுகூட வரவில்லை. கதவில் அடித்தாள். அடித்த கைக்கும் இப்போது ஓசை இல்லை.

வெளியே தனு கதவையே பார்த்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு விரலை நீட்டியபடி, மடக்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.