மை போடாத கோடு

படக்கதைத் தாளின் நான்காவது கட்டத்தில், கோட்டை வாசலுக்குப் பக்கத்தில், அவள் போடாத ஒரு கோடு இருந்தது.

மெல்லிய நீலக்கோடு. ஒரு தலையின் வளைவு, அதிலிருந்து இறங்கும் கழுத்து, அதற்குக் கீழே பாதித் தோள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோடு அங்கேயேதான் இருந்தது.

அவள் வேலை செய்யும் முறை என்றும் மாறாதது. முதலில் நீலப் பென்சிலில் படம் முழுவதையும் போட்டுக்கொள்வாள். பிறகு அதன்மேல், மையில் தொட்டுத் தொட்டு வரையும் பேனாவால் கறுப்புக் கோடு. நீலத்தை அழிப்பதில்லை, ஸ்கேனர் நீலத்தைக் கண்டுகொள்ளாதபடி செட் செய்து வைத்திருந்தாள். இணையத்தில் வாராவாரம் அவளுடைய காமிக்ஸைப் படிக்கிறவர்கள் கறுப்பை மட்டும்தான் பார்ப்பார்கள். நீலத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம். மை போட்ட பிறகுதான் அது இருக்கிறது.

கதை, கடலில் மூழ்கிய கோட்டை ஒன்றில் மணியடிக்கும் பையனைப் பற்றியது. பையனுக்கு முகமும் உடம்பும் கொடுத்தது அவளுடைய தம்பி. பழைய போர்வையை அங்கியாகப் போர்த்திக்கொண்டு, முணுமுணுத்தபடியே உட்காருவான். அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். "அவனப் பாத்துக்கோ" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா சொல்லாமல் போனதில்லை, அவனுக்கு மீசை முளைத்த பிறகும்.

"டேய், என் படத்துல ஏதாவது கிறுக்கினியா?"

கூடத்திலிருந்து பதில் வந்தது. "நான் ஸ்கேல் வச்சு இழுத்தாலே கோணலா வரும். இதுல உன் பென்சிலத் தொட்டா கைய ஒடிச்சிருவ. இன்னும் எவ்வளவு நேரம்க்கா இப்படியே உக்காரணும்?"

"அசையாத. கடைசிக் கட்டம்."

"ராஜகுமாரனா வரையறேன்னு சொல்லித்தான் கூப்பிட்ட. கடைசில மணியடிக்க விட்டுட்ட."

அவனை நீலத்தில் வரைந்து முடித்தாகிவிட்டது. ஆனாலும் போர்வையின் மடிப்பில் சந்தேகம் வந்தால் எழுந்துபோய்ப் பார்க்கலாமென்று அவனை அப்படியே உட்கார வைத்திருந்தாள். அவளுக்கு எதிலும் சந்தேகம் வரும்.

பழைய தாள்களை எடுத்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே அறை இருண்டு, மை வாசனையோடு ஈரச் சுவரின் வாசனையும் கலந்து, மேசை விளக்கின் வட்டம் மட்டும் தாள்மேல் மஞ்சளாகக் கிடந்தது. முதல் அத்தியாயத்தில், தூரத்துப் படிக்கட்டில், நீலமாக ஓர் ஆள். அடுத்ததில் தூணுக்குப் பின்னால். அதற்கடுத்ததில் மணிமேடைக்குக் கீழே. எப்போதும் பையன் பக்கமே திரும்பியிருந்தது. எப்போதும் முன்பைவிடக் கிட்டத்தில். கோடு அவளுடையதுதான், அவள் அழுத்தும் விதம், அவள் கை வளையும் விதம். முகம் மட்டும் வரையப்படவில்லை. விரல்கள் இருக்க வேண்டியதைவிட நீளமாக இருந்தன.

எதையோ யோசித்துக்கொண்டு நானேதான் போட்டிருப்பேன் என்று மனதைச் சமாதானப்படுத்தினாள். எப்படியும் ஸ்கேனரில் விழாது. படிக்கிறவர்கள் காத்திருந்தார்கள். கடைசிக் கட்டத்துக்கு வந்து பேனாவை மையில் தொட்டாள்.

மை போடும்போது அவள் யோசிப்பதில்லை. யோசித்தால் கோடு நடுங்கும். நீலம் போகிற வழியில் பேனா போகும், அவ்வளவுதான். முடி. காது. போர்வையின் மடிப்பு. தோள்.

"அக்கா, கைய எடு."

"என்னடா?"

"தோள்லேர்ந்து கைய எடு. ஜில்லுன்னு இருக்கு."

பேனா நின்றது. தாளில், பையனின் தோள்மேல், ஈரம் காயாத கறுப்பில் நான்கு நீள விரல்கள்.

"டேய்."

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். நாற்காலியில் போர்வை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தோள் இருக்க வேண்டிய உயரத்தில், யாரோ அழுத்திப் பிடித்ததுபோல ஒரு பள்ளம். உள்ளே யாருமில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சரிந்து தரையில் விழுந்தது. வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

மேசைக்கு ஓடிவந்தாள்.

பையன் வெளுத்திருந்தான். சற்றுமுன் மை போட்ட முடி, காது, தோள், எல்லாம் நீலமாக. அவனுக்குப் பின்னால் நின்றது மட்டும் தலைமுதல் கால்வரை கறுப்பு. பையனின் வாயை அவள் மூடியபடி வரைந்திருந்தாள். இப்போது திறந்திருந்தது.

மை போட்டால் இருப்பான். மை போட்டால் வந்துவிடுவான்.

உட்கார்ந்தாள். பேனாவை மையில் தொட்டாள். நீலத்தின்மேல் வைத்தாள். கண்கள். மூக்கு. அந்த வாய். தோள்.

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அக்கா."

அவன் குரல்தான்.

"இதோடா. இதோ, முடிஞ்சிரும்."

முழங்கை. மணிக்கட்டு. விரல்.

காலடிச் சத்தம் அறைக்குள் வந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

விரல் முடியவில்லை, நீண்டுகொண்டே போனது. கட்டத்தைத் தாண்டியது. தாளின் ஓரத்துக்கு வந்தது. தோளில் ஜில்லென்று ஏதோ பட்டது. அவள் திரும்பவில்லை. நீலக்கோடு தாளைவிட்டு இறங்கி, மேசைப் பலகைமேல் ஓடி, அவளுடைய இடது மணிக்கட்டில் ஏறியது.

பேனா அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.