பொய்க்குப்பத்தில் ஓர் எழுத்தைக் காணோம்

அனுப்பிரியா திங்கட்கிழமை காலையில் வகுப்பில் சொன்னது ஒரே ஒரு கதைதான். ஆனால் அந்தக் கதை வியாழக்கிழமை வரைக்கும் அவளை நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன விடவில்லை.

நடந்தது இதுதான். ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும் ஞானாம்பாள் டீச்சர், கடலூர் மாவட்டத்து ஊர்ப் பெயர்களை எல்லாம் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார். யாருக்கு எந்த ஊர் வருகிறதோ, அந்த ஊருக்கு எப்படிப் பெயர் வந்தது என்று திங்கட்கிழமைக்குள் சார்ட் எழுத வேண்டும். நன்றாக எழுதிய மூன்று பேரின் சார்ட் வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் போகும்.

ப்ரீத்திக்குச் சிதம்பரம் வந்தது. தில்லை மரங்கள் நிறைந்திருந்ததால் தில்லை, பிறகு சிற்றம்பலம், அப்புறம் சிதம்பரம் என்று அவள் அரைமணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டாள். ஹரிஷுக்குக் கடலூர். ஆறுகள் கூடுவதால் கூடலூர், அதுவே கடலூர் ஆனது. எல்லாம் கொடுத்து வைத்தவர்கள்!

அனுப்பிரியாவின் சீட்டில் இருந்தது பொய்க்குப்பம்.

"அப்பா, பொய்க்குப்பம் தெரியுமா?"

"பிச்சாவரம் போற வழியில பஸ் போர்டுல பாத்திருக்கேன்மா. அதுக்கு மேல தெரியாது."

போனில் தேடினாள். ஒரு பஸ் நேரமும் மங்கலான ஒரு படமும்தான் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. சார்ட் வெள்ளையாக அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

என்ன செய்வாள்? ஒரு கதையைக் கட்டிவிட்டாள். அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாள். ஒரு ராஜா பசியோடு வந்து, "மீன் இருக்கிறதா?" என்று கேட்டாராம். கூடை நிறைய மீனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இல்லவே இல்லை" என்றார்களாம் ஊரார். அப்போது மறைத்து வைத்த மீன் ஒன்று துள்ளி ராஜாவின் கிரீடத்தில் விழுந்ததாம். அன்று முதல் அது பொய்க்குப்பம் ஆனதாம்.

திங்கட்கிழமை அவள் படித்தபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"நல்லா இருக்கே! யாருகிட்டம்மா கேட்ட?" என்றார் டீச்சர்.

"அந்த... அந்த ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட டீச்சர்."

சிதம்பரத்துக்குப் போகும் மூன்று சார்ட்டுகளில் அவளுடையதும் ஒன்று என்று டீச்சர் அறிவித்தார். அனுப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவும் எத்தனை நேரம்? அடுத்த நிமிடமே ஹரிஷ் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, "டேய் சேரா, நீ பொய்க்குப்பத்துலேருந்துதானே வந்த?" என்று கேட்டான்.

சேரன் ஜூன் மாதம்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்தவன். அதிகம் பேச மாட்டான். அவன் மெல்லத் தலையை ஆட்டினான்.

மறுபடியும் வகுப்பே சிரித்தது. இந்த முறை அனுப்பிரியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹரிஷின் ஜாமெட்ரி பாக்ஸைக் காணோம். "நான் எடுக்கல" என்றான் சேரன்.

"பொய்க்குப்பம் சொல்லுது, நம்பாதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். பாக்ஸ் ஹரிஷின் பைக்குள்ளேயே அடியில் கிடந்தது. அதற்காக யாரும் சேரனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

புதன்கிழமை நடந்ததுதான் அவளால் தாங்கவே முடியாதது.

"சேரன், வீட்டுப்பாடம் எங்க?" என்றார் டீச்சர்.

முந்தின நாள் விளையாட்டு நேரத்தில் சேரன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த இலக்கணப் பயிற்சிகளை எல்லாம் எழுதி முடித்ததை அனுப்பிரியா கண்ணால் பார்த்தவள். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டான் போலிருக்கிறது. அதைச் சொன்னால் போதுமே! ஆனால் சேரன் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதல டீச்சர்" என்றான்.

உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவன் பொய் சொல்லிவிட்டான். டீச்சர் அவனை நிற்க வைத்தார். அவன் நின்ற அந்த நேரம் முழுவதும் அனுப்பிரியா தலையை நிமிர்த்தவே இல்லை.

மதியம் குழாயடியில் அவன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சேரா, உங்க ஊருக்கு நெஜமாவே எப்படிப் பேரு வந்துச்சு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உனக்குத்தான் யாரோ ஊர்க்காரர் சொன்னாரே?"

"யாரும் சொல்லல. நானா கட்டுனேன்." சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "நீ அந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

"தெரியாத ஊருன்னா எழுதலாமா?"

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"சரி, உனக்குத்தான் தெரியுமே, எந்திரிச்சு சொல்லியிருக்கலாம்ல?"

"யாராச்சும் என்னைக் கேட்டீங்களா?" என்றான் சேரன்.

அது உண்மைதான். முப்பத்தெட்டு பேர் உள்ள வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

"இப்போ கேக்குறேன். சொல்லு, சேரா."

அவன் டிபன் பாக்ஸை மூடினான். கொஞ்சம் யோசித்தான். பிறகு ஈரத் தரையில் விரலால் எழுதினான்: பொய்கைக்குப்பம்.

"எங்க ஊர்ல ஒரு கொளம் இருக்கு. பெரியவுங்க அதைப் பொய்கைன்னுதான் சொல்வாங்க. அந்தப் பக்கம் எங்க தோண்டுனாலும் உப்புத் தண்ணிதான். அது மட்டும் நல்ல தண்ணி. அதுக்குப் பக்கத்துல குடியேறுன குப்பம், பொய்கைக்குப்பம்."

"அப்புறம் பொய்க்குப்பம்?"

"பஸ் போர்டுல எடம் பத்தல. பெயிண்டர் 'கை'யை விட்டுட்டாரு." சேரன் மூன்றாவது எழுத்தை உள்ளங்கையால் அழித்தான். "ஒரு எழுத்து போச்சு, ஊர் மானமும் போச்சு. எங்க சின்னையன் மாமா கல்யாணப் பத்திரிகையில சரியா போட்டிருக்கோம். நாளைக்குக் கொண்டாரேன் பாரு."

தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள் அனுப்பிரியா. ஒரே ஒரு 'கை'. அது இருந்தால் குளம், இல்லாவிட்டால் பொய். இதைக் கேட்க அவள் கடைசி பெஞ்ச் வரைக்கும் நடந்திருந்தால் போதும்.

வியாழக்கிழமை காலை. பத்திரிகை அவள் கையில் இருந்தது. டீச்சரிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அதுதான் சுலபம். ஆனால் கதையை எல்லோருக்கும் முன்னால் அல்லவா சொன்னாள்?

எழுந்து நின்றாள்.

"டீச்சர், பொய்க்குப்பம் கதையை யாரும் எனக்குச் சொல்லல. அது நான் சொன்ன பொய். சேரன் ஊரு பொய்கைக்குப்பம். பொய்கைன்னா கொளம்." பத்திரிகையை நீட்டினாள். "அப்புறம் நேத்து சேரன் வீட்டுப்பாடம் எழுதியிருந்தான். நாங்க சிரிப்போம்னுதான் எழுதலன்னு சொன்னான்."

ஹரிஷ் தன் ஜாமெட்ரி பாக்ஸை டெஸ்க்குக்குள் தள்ளினான்.

டீச்சர் பத்திரிகையை நிதானமாகப் படித்தார். பிறகு சேரனைப் பார்த்து, "நானும் கேக்காம விட்டுட்டேன்பா" என்றார். அனுப்பிரியாவின் பக்கம் திரும்பியபோது அந்தக் குரலில் சிரிப்பே இல்லை. "இந்த சார்ட் சிதம்பரத்துக்குப் போகாது."

"சரி டீச்சர்."

"நாளைக்கு எட்டு மணிக்கு வேன். அதுக்குள்ள சரியான சார்ட் வந்தா அது போகும். யாரு எழுதறது, யாரு பேரைப் போடறதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க."

அன்று சாயங்காலம் கடலூர் செம்மண்டலத்தில் அனுப்பிரியா வீட்டுக் கூடத்தில் புது சார்ட் விரிந்தது. சேரன் சொன்னான், அவள் எழுதினாள். குளத்தை அவன் வரைந்தான். அதில் அல்லிப் பூவும் ஓர் எருமையும் இருந்தன. எருமையை யாரும் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் அந்தக் குளமே இல்லை என்று சேரன் ஒற்றைக்காலில் நின்றான். பெயர் எழுதும் இடத்தில் அவள் 'சேரன்' என்று மட்டும் எழுதினாள். அவன் பேனாவை வாங்கிக் கீழே சின்னதாக 'எழுத்து: அனுப்பிரியா' என்று சேர்த்தான்.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் மண்டபம் நிறையக் கூட்டம். சேரன் சார்ட்டுக்கு முன்னால் நின்றான். முதலில் அவன் குரல் வெளியே வரவே இல்லை. அனுப்பிரியா சார்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திக்கித் திக்கி ஆரம்பித்தவன், குளத்துத் தண்ணீரின் ருசிக்கு வந்ததும் மளமளவென்று பேசினான். ஆட்கள் நின்று கேட்டார்கள்.

கழுத்தில் துண்டு போட்ட ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பொய்க்குப்பமா? பேரே பொய்யுன்னு சொல்லுதேப்பா. நீ சொல்றது மட்டும் நெஜமா?"

மறுபடியுமா? அனுப்பிரியா சேரனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தாள்.

சேரன் நேராக அவர் முகத்தைப் பார்த்தான்.

"பொய் எங்க ஊர்ல இல்லீங்க. பொய்கைதான் இருக்கு. வந்து ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். துண்டு போட்டவர் அவன் தோளைத் தட்டி, எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். சேரன் அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்க, அனுப்பிரியா நான்கு நாளில் முதல் முறையாகப் பசியோடு தன் டிபன் பாக்ஸைத் தேடினாள்.