ரோஜா பாட்டிலில் மண்ணெண்ணெய்

"மூடியில மூணுன்னு இருந்தா ரோஜா. மோந்து பாருங்க சார்," என்று ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மேசைமேல் ஒரு குட்டி பாட்டிலை வைத்தாள்.

துப்பறிவாளர் கை நீட்டுவதற்குள் உதவியாளன் எடுத்துவிட்டான். முப்பது வயதாகியும் எல்லோரும் அவனை முந்திரிக்கொட்டை என்று கூப்பிடுவது சும்மா இல்லை. ஒரே இழுப்பு. கண்ணில் நீர் கொட்டியது.

"பாஸ்! மண்ணெண்ணெய்!"

"மண்ணெண்ணெய் பாட்டில்ல ரோஜா இருக்கு," என்றாள் அவள்.

அவள் ஆராய்வது உதறுவாதம், அதாவது பார்க்கின்சன் நோய். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே அந்த நோய் பலருடைய மூக்கை மந்தமாக்கிவிடும். அதைச் சோதிக்க ஒரு முதியோர் இல்லத்துக்கு வாசனை பாட்டில்கள் அனுப்பியிருந்தாள். இல்லத்து மேலாளர் அவளுடைய பேராசிரியரைப் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"யார் வேலைன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு, இல்லேன்னா உதவித்தொகைய நிறுத்தச் சொல்லி அறக்கட்டளைக்கு எழுதிடுவேன்னு பேராசிரியர் சொல்லிட்டார் சார். அது நின்னா என் படிப்பும் நின்னுடும்."

"பாட்டில் வெச்சிருந்த ரூம் சாவி யார்யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. கூடப் படிக்கிற ஒருத்தன்கிட்ட. அப்புறம் அறக்கட்டளைத் தலைவி, எங்க மேடம்கிட்ட."

"அவன்தான் பாஸ்! பொறாமை!"

"சட்டையை மாட்டு. போய்ப் பார்க்கலாம்."

ஆய்வறையில் அந்தச் சக மாணவன் முறைத்தான். "உதவித்தொகை எனக்குக் கிடைக்கலைதான். அதுக்காக? பாட்டில் அனுப்பின அன்னிக்கு நான் வந்தப்போ ரூமே நாறிச்சு. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு, நான்தான் திறந்துவிட்டேன். பாட்டிலெல்லாம் பளபளன்னு துடைச்சு, வரிசையா நின்னுச்சு. இவதான் நிரப்பியிருக்கான்னு நெனச்சேன்."

"பரீட்சை பரபரப்புல நானும் அப்படித்தான் நெனச்சேன். திறந்துகூடப் பார்க்காம அனுப்பிட்டேன்," என்றாள் அவள்.

அலமாரிக்கு அடியில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கேன்கள், ஒன்றில் ரோஜாத் தைலம், மற்றதில் மண்ணெண்ணெய். எதிலும் பெயர் இல்லை.

"ஏம்மா எழுதி ஒட்டலை?"

"திறந்தாலே தெரியுமே சார்."

"யாருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துப்பறிவாளர் பக்கத்திலிருந்த மேடத்தின் அறைக்கு நடந்தார்.

"வா கண்ணு! ஏன் முகம் வாடியிருக்கு?" என்று மேடம் மாணவியின் கன்னத்தைத் தொட்டார். "நீங்களும் உட்காருங்க தம்பி. காபிக்குப் பால் வெச்சிருக்கேன்."

அவர் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அறை முழுக்க வாடை. மேடம் பேசிக்கொண்டே இருந்தார். முந்திரிக்கொட்டை பாய்ந்து அடுப்பை அணைத்தான்.

"அடடா, கவனிக்கவே இல்லையே!"

துப்பறிவாளர் குரலைத் தாழ்த்தினார். "காலியா இருந்த பாட்டில்களை நிரப்பினது நீங்கதானேம்மா?"

"ஆமா. புள்ள தூக்கமில்லாம படிக்குதேன்னு நான் நிரப்பி, துடைச்சு வெச்சேன். ஏன், தப்பா ஊத்திட்டேனா?"



"பாஸ், நாசம் பண்றவன்..."

"பாட்டிலைத் துடைச்சு வைக்க மாட்டான்டா. வேலை அக்கறையா நடந்திருக்கு. ஆனா மூடின ரூம்ல மண்ணெண்ணெய் ஊத்தியும் ஜன்னலைத் திறக்கத் தோணலை." அவர் மேடம் பக்கம் திரும்பினார். "சளி புடிச்சாலும் இப்படி ஆகும்மா. முதல்ல டாக்டர் பார்க்கட்டும்."

மேடம் சுவரில் இருந்த கணவர் படத்தைப் பார்த்தார். கடைசி வருடங்களில் உதறுவாதத்தில் கை நடுங்கிய அவருக்குச் சோறூட்டியது இவர்தான். அந்த நோய்க்காகத்தான் இந்த அறக்கட்டளையே.

"சளி எனக்கு வந்தே வருஷக்கணக்காச்சு தம்பி," என்றவர் போனை எடுத்தார். "பேராசிரியரா? பாட்டிலை மாத்தினது நான்தான். புள்ளைய ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, ஆமா."

மாணவி தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்.

"அழாதே கண்ணு. எழுந்து போய் வேலையைப் பாரு." மேடம் அவள் தலையைக் கோதினார். "இத்தனை நாளா நிதானமா படின்னு சொன்னேன் இல்ல? இனிமே கொஞ்சம் சீக்கிரம். எனக்கும் அவசரம் வந்துடுச்சு."