நூற்றெழுபது கிராம் திருடன்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

காலை ஏழு பத்து. வாயில் பிரஷும் நுரையுமாக கிராம் டாக்டர் போனை எடுத்தாள்.

"உடனே கிளம்பி வா!" மறுமுனையில் பெரிய டாக்டர். "நேத்து காலையில நீ எடை போட்டியே ஒரு குழந்தை... விடியறப்போ கை காலெல்லாம் உதற ஆரம்பிச்சுடுச்சு!"

"ஐயோ! சர்க்கரை எவ்வளவு ஸார்?"

"பாதாளத்துல! குளுக்கோஸ் ஏத்தி மீட்டுட்டோம். இப்போ பால் குடிச்சுட்டுத் தூங்குது."

"அப்பாடா..."

"என்ன அப்பாடா? நாலு கிலோவைத் தாண்டிப் பிறந்த குழந்தைக்கு மூணு மணிக்கொரு தடவை குதிகால்ல குத்தி ரத்தத்துல சர்க்கரை பார்க்கணும். இதுக்கு ஏன் பார்க்கலை?"

"ஸார், அது மூணு கிலோ தொள்ளாயிரத்து அறுபது! நானே போட்டேன்!"

"இப்போ நான் போட்டேன். நாலு கிலோ முப்பது!"

பிரஷ் வாஷ்பேசினில் விழுந்தது.

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறையும். அதுதான் வழக்கம். ஒரே நாளில் எழுபது கிராம் ஏறுமா? ஏறவே ஏறாது!

அப்படியானால் நேற்று பிரசவ அறையிலேயே யாரோ எடையைக் குறைத்திருக்கிறார்கள்...!

கிராம் டாக்டர் என்பது அவளுக்கு ஆஸ்பத்திரி சூட்டிய பட்டம். ஒரு கிராம் பிசகினாலும் சண்டைக்கு வருவாள். பெருத்துப் பிறக்கும் குழந்தைகளில் யார் யார் ஆறு வயதிலும் அளவுக்கு மீறிப் பருமனாகிறார்கள், ஏன் ஆகிறார்கள் என்று ஆறு வருடமாக நானூறு குழந்தைகளைத் துரத்தித் துரத்தி எடை போட்டு வருகிறாள். அந்த ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமே பிறந்த எடைதான்.

அதிலேயே கை வைத்துவிட்டான் ஒருவன்!

"ஏங்க! எழுந்திருங்க!" படுக்கையில் சுருண்டிருந்த கணவனை உலுக்கினாள். "கேஸ்!"

க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தான். "பிணம் எங்கே?"

"பிணம் இல்லை. கிராம் காணாமப் போயிருக்கு!"

"யாரு கிராம்?"

"எடைங்க! எடை!"

அவன் மறுபடி தலையணையில் சாய்ந்தான். அவள் விடுவாளா? எட்டு மணிக்கு இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நிறைமாதம். வயிறு முன்னே நடக்க, அவள் பின்னே நடந்தாள்.

பெரிய டாக்டர் அறைக்குள் புலி போல உலாவிக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக் குழு கூடுது. அதுக்குள்ள யாரு, எப்படின்னு சொல்லலைன்னா ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான். ஒரு குழந்தை உயிர் மயிரிழையில தப்பிச்சிருக்கு. நானே மூடச் சொல்லுவேன்!"

அவள் வயிற்றுக்குள் இருந்த குட்டியும் தன் பங்குக்கு ஓர் உதை விட்டது.

ஆறு வருடம்! நானூறு குழந்தைகள்!

"முதல்ல தராசைப் பார்ப்போம்" என்றான் இன்ஸ்பெக்டர்.

பார்த்தார்கள். ஐந்து கிலோ படிக்கல்லை வைத்தார்கள். பிரசவ அறைத் தராசு ஐந்து கிலோ காட்டியது. வார்டு தராசும் அதையே காட்டியது. இரண்டும் அரிச்சந்திரன்கள்!

"அப்போ ஆளுதான் திருடன்" என்றான். "இது ஒரு தடவைதானா, இல்லை தொடர் திருட்டா?"

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். பிறந்த எடை, மறுநாள் எடை, பிறந்த எடை, மறுநாள் எடை... விரல் ஓடியது. முகம் வெளிறியது.

"ஏங்க... ஆறு வாரமா நடக்குது!"

"என்னது?"

"மத்த நாள்ல பிறந்த குழந்தைங்க ஒழுங்கா நூறு கிராம் இளைச்சிருக்கு. செவ்வாயும் வெள்ளியும் பிறந்ததுங்க மட்டும் சரியா இளைக்க மாட்டேங்குது. கணக்குப் போட்டுப் பார்த்தா, முதல் வாரம் நாப்பது கிராம் போயிருக்கு. அடுத்த வாரம் அறுபத்தஞ்சு. அப்புறம் தொண்ணூறு, நூத்திருபது, நூத்தி நாப்பத்தஞ்சு... இந்த வாரம் நூத்தியெழுபது!"

இன்ஸ்பெக்டர் விசிலடித்தான். "வாரா வாரம் பேராசை ஏறுது பயலுக்கு! சரி, செவ்வாய், வெள்ளி இங்கே யாரு வர்றாங்க?"

பிரசவ அறை சிஸ்டர் கையைத் தூக்கினாள். "பால் பவுடர்காரன் ஸார்! அந்த ரெண்டு நாள்தான் சாம்பிள் டப்பாவோட வந்து நிப்பான்."

"ஆஹா! குழந்தை எடை குறைச்சல்னு பெத்தவங்களைப் பயமுறுத்தி டப்பாவைத் தலையில கட்டறது! நோக்கம் கிடைச்சாச்சு. தூக்கிட்டு வாங்க அவனை!"

கால் மணி நேரத்தில் பால் பவுடர்காரன் வந்தான். டை கோணலாக இருந்தது. திருதிருவென்று விழித்தான்.

"தராசுல என்னடா பண்ணினே?"

"தராசா? ஸார், ஆறு மாசமா வாட்ச்மேன் என்னை கேட்டைத் தாண்ட விட்டதில்லை ஸார்! இந்தப் பக்கம் ரோஜா கலர் சுவரா, பச்சைக் கலர் சுவரான்னுகூட எனக்குத் தெரியாது!"

வாட்ச்மேனிடம் கேட்டார்கள். "பால் பவுடரா? என் உயிர் இருக்கிறவரைக்கும் உள்ள வராது!" என்று மீசையை முறுக்கினார்.

புஸ்ஸென்று போயிற்று.

மணி பதினொன்று.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தான். "செவ்வாய், வெள்ளி இங்கே எடை போடற டியூட்டி யாருக்கு?"

"எனக்கு" என்றாள் கிராம் டாக்டர்.

"உன்னைத் தவிர?"

"என்னைத் தவிர யாரும் இல்லை. மத்த நாளெல்லாம் சிஸ்டர் போடுவாங்க."

இன்ஸ்பெக்டர் எத்தனையோ ரவுடிகளைப் பார்த்தவன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ராத்திரி எந்த வீட்டுக்குப் போவது?

"என்னைச் சந்தேகப்படறீங்களா?" அவள் கண்ணில் நீர் முட்டியது. "ஒரு கிராமுக்கு உயிரை விடறவளை...!"

"சேச்சே! அப்படி இல்லைம்மா. நேத்து என்ன பண்ணினியோ அதை அப்படியே ஒரு தடவை பண்ணிக் காட்டு. அவ்வளவுதான்."

"காட்டறேன். நல்லாக் கண்ணைத் தொறந்து பாருங்க!"

தராசு மூலை மேஜைமேல் இருந்தது. எண் காட்டும் முகப்பு, எழுதும் சிஸ்டருக்கு வசதியாக எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பூஜ்யப் பொத்தானும் அந்தப் பக்கம்தான்.

அவள் தட்டின்மேல் துண்டை விரித்தாள். "துண்டோட எடை சேரக் கூடாது. அதனால பூஜ்யம் பண்ணணும்."

தட்டைத் தாண்டிக் கையை நீட்டி, எட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

'0' என்றது தராசு.

"பார்த்தீங்களா? சுத்தமான பூஜ்யம்! இப்போ சிஸ்டர்கிட்டேயிருந்து குழந்தையை வாங்கணும்..."

அவள் திரும்பினாள்.

"அப்படியே நில்லு!!!" இன்ஸ்பெக்டர் கத்தினான்.

"என்னங்க?"

"சிஸ்டர்... தராசு என்ன காட்டுது, படிங்க!"

சிஸ்டர் குனிந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தாள். "மை... மைனஸ் நூத்தியெழுபது!"

"திருடன் கிடைச்சுட்டான்!"

"எங்கே...?" பெரிய டாக்டர் கதவுப் பக்கம் பாய்ந்தார்.

"அங்கே இல்லை ஸார். இதோ!"

இன்ஸ்பெக்டரின் விரல் நேராக அவள் வயிற்றைக் காட்டியது.

"எட்டிப் பொத்தானை அமுக்கறப்போ இவ வயிறு தட்டு விளிம்புமேல உக்காருது ஸார்! தராசு அதையும் துண்டோட சேர்த்துக் கழிச்சுடுது. இவ நகர்ந்ததும் மைனஸ். குழந்தையை வெச்சா அவ்வளவும் குறையுது. ஆறு வாரம் முன்னாடி வயிறு லேசாத் தொட்டுச்சு, நாப்பது. இப்போ நல்லாச் சாஞ்சு உக்காருது, நூத்தியெழுபது. பய உள்ளேயே வளர்ந்துட்டு இருக்கான்!"

"வெறும் தராசை நாங்க யாரு பார்க்கிறோம்?" சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லார் கண்ணும் குழந்தை மேலதானே இருக்கும்!"

கிராம் டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பிறகு விறுட்டென்று எழுந்தாள்.

"அந்த ரெண்டு நாள்ல பிறந்த எல்லாக் குழந்தையையும் உடனே வரவழைக்கணும்! இன்னும் யாருக்காவது குத்தாம விட்டிருந்தா...?"

பன்னிரண்டு அடிப்பதற்குள் பதினோரு வீடுகளுக்குப் போன் பறந்தது. மதியத்துக்குள் பதினோரு குழந்தைகளும் வந்துவிட்டன. ஒன்று பெரிய டாக்டரின் சட்டையை நனைத்தது. எல்லாம் கொழுக்மொழுக்கென்று சுகமாக இருந்தன. நேற்றைய குழந்தை, தாயின் தோளில் ஏப்பம் விட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"பிழை எவ்வளவுன்னு வாரவாரியாத் தெரியும். மறைக்காம எழுதித் திருத்திடலாம்" என்றார் பெரிய டாக்டர். "ஆராய்ச்சி தொடரட்டும். தராசை மட்டும் திருப்பி வையுங்கப்பா!"

"குற்றவாளியை என்ன பண்றது?" என்றாள் சிஸ்டர்.

"தேதி நெருங்கிடுச்சு. ஓடவா போறான்?" என்றான் இன்ஸ்பெக்டர்.

ஓடவில்லை. தலைமறைவாக இருந்த குற்றவாளி, ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தலைகுனிந்தபடி சரணடைந்தார். ஆணல்ல, பெண்! இன்ஸ்பெக்டரின் ஊகத்தில் அது ஒன்றுதான் தப்பு.

சிஸ்டர் துண்டை விரித்தாள். தள்ளி நின்று பூஜ்யம் செய்தாள். வெறும் தராசை மூன்று பேர் குனிந்து பார்த்தார்கள். பிறகுதான் குழந்தையை வைத்தார்கள்.

நாலு கிலோ பத்து கிராம்!

சிஸ்டர் ஊசியை எடுத்தாள். இன்ஸ்பெக்டரின் முகம் கோணியது. கண் கலங்கியது.

"பத்தே பத்து கிராம்தானேம்மா... பிஞ்சுக் கால்... பார்த்துப் போட்டுக் குறைச்சுக்கக் கூடாதா?"

கட்டிலிலிருந்து கிராம் டாக்டர் தலையைத் தூக்கினாள்.

"பன்னெண்டு குழந்தைங்க கிட்டே கைவரிசை காட்டினவ! மூணு மணிக்கொரு குத்து... ஜாமீனே கிடையாது!"