நீலப் பட்டைக்கு அடியில்

"இன்னைக்காவது அந்தப் பேரு ஒழியுமா ஒழியாதான்னு கேட்டுச் சொல்லு!"

மாமியார் இதைச் சொன்னது ஃப்ரிட்ஜிடம்.

அடுக்களையில் மருமகளும் இருந்தாள், இரண்டடி தள்ளி, பால் காய்ச்சிக்கொண்டு. ஆனால் மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மாமியார் முடிவெடுத்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் வேறு ஆள் இருந்தால் ஆளிடம் சொல்வாள். இல்லாவிட்டால் துடைப்பம், சுவர், ஃப்ரிட்ஜ்... இதில் மட்டும் அவளிடம் பாரபட்சம் கிடையாது.

"மத்தியானத்துக்குள்ள எடுத்துடுறேன் அத்தை," என்றாள் மருமகள்.

"சாயங்காலம் படகு வாங்குறவன் வந்து நிப்பான். பேரு கீரு எதுவும் இல்லாம வெள்ளையா வேணுமாம். நல்ல மனுஷன்! அவனுக்காவது அந்தப் பேரைப் பார்த்தா கண்ணு உறுத்துதே!"

ஃப்ரிட்ஜ் பதிலுக்கு உறுமியது. மருமகள் பாலை இறக்கி வைத்தாள். அந்த வீட்டில் பொறுமைக்கும் அந்த ஃப்ரிட்ஜுக்கும்தான் எப்போதும் வேலை.

தெருவுக்கே தெரிந்த சண்டை இது. படகு இந்த வீட்டுப் பெரிய பிள்ளையின் படகு. வெள்ளை ஃபைபர் படகு. அதன் முன்பக்கத்தில் முதலில் அவன் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது 'அம்மா'. மாமியார் அப்போது கடைக்குப் போனால்கூடப் படகுத்துறை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, ஒரு நாள் திடீரென்று அந்த இடத்தில் அகலமாக ஒரு நீலப் பட்டை. பட்டையின்மேல் மஞ்சளில் 'தேன்சிட்டு'.

தேன்சிட்டு என்பது அவன் பெண்டாட்டிக்கு வைத்திருந்த செல்லப் பெயர். அவ்வளவுதான்! தெரு இரண்டு வாரத்துக்கு வேறு பேச்சே பேசவில்லை. 'வந்த மறுவருஷமே பெத்தவ பேரைச் சுரண்டிட்டுத் தன் பேரை எழுத வச்சுட்டாளே, கெட்டிக்காரி!' மாமியார் படகுத்துறைப் பக்கம் போவதை நிறுத்தினாள். மருமகளோடு பேசுவதையும் நிறுத்தினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவன் காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போனபோது இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். ஒரே ஆளுக்காகத்தான். ஆனால் தனித்தனியாக.

படகு கொல்லைப்புறத்தில் மரக்கட்டைகள்மேல் ஏறியது. ஓட்ட ஆளில்லை. சின்னப் பிள்ளை ஆபீஸ் உத்தியோகம். எண்ணெய் போட்டு வகிடெடுத்த தலை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் சுபாவம். ஆக, படகு விலைக்குப் போயிற்று.

பெயரை அழிக்கிற வேலையைச் சின்னவன்தான் செய்வதாக இருந்தது. "நீ ஆபீஸுக்குப் போப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று அண்ணி வலிய வாங்கிக்கொண்டாள். தன் பெயரைத் தானே தடவிப் பார்த்து எடுக்க ஆசை என்று தெரு நினைத்தது. தெரு நினைத்தது பாதி சரி.

பால் வேலை முடிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பெயிண்டை இளக்குகிற களிம்பை பிரஷ்ஷால் பூசி, ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் மெல்லத் தள்ள வேண்டும். இரும்பு பட்டால் ஃபைபரில் கீறல் விழும். எல்லாம் புருஷன் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தது.

மாமியார் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். சினிமாவுக்கு வந்தவள் மாதிரி.

முதலில் 'தே'. மஞ்சள் சுருங்கி, நீலம் உப்பி, தோல்போல உரிந்து வந்தது. அந்த எழுத்தின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ஈரம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறான், அவசரக்காரன்! தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து, அந்த ரேகையின்மேல் தன் விரலை வைத்துவிட்டுப் போவாள் அவள். அந்த நேரத்தில் யார் துணி காயப்போடுவார்கள்! உரிந்த தோல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறவில்லை. கையை மூடிக்கொண்டாள்.

"என்ன, மனசு வரலையாக்கும்?" என்றது நாற்காலி. படகைப் பார்த்துத்தான் கேட்டது.

மீண்டும் தகட்டைத் தள்ளினாள். நீலத்துக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு வளைவு வந்தது. பிறகு ஒரு சுழி. பிறகு முழுசாக...

'அ'.

மாமியார் எழுந்துவிட்டாள்.

"அழிக்கல..." என்றாள். "என் புள்ளை அழிக்கவே இல்ல! மேலதான் பூசியிருக்கான்!"

கிட்டே வந்து சிவப்பு எழுத்தைத் தொட்டாள். விரலில் களிம்பு பட்டு எரிந்திருக்கும், கையை எடுக்கவில்லை. "அவன் எழுத்து... 'அ'வுக்கு எப்பவும் வயித்தைப் பெருசாப் போடுவான். ஸ்கூல்ல வாத்தியார்கிட்ட குட்டு வாங்குவான்..." படகிடமே சொன்னாள். "மிச்சமும் வரட்டும். சீக்கிரம்!"

இரண்டாவது எழுத்தும் வந்தது. 'ம்'. நீலப் பட்டையில் இனி மீதி கடைசியில் உள்ள 'ட்டு' மட்டும்.

மருமகள் தகட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதோட இருக்கட்டும் அத்தை. மிச்சத்தை நீங்க சாப்பிட்டு வந்தப்புறம் எடுக்கிறேன்."

"பாத்தியா! பாத்தியா! தன் பேரு முழுசாப் போறது பொறுக்கல! ஆறு வருஷம் என் பேருமேல ஏறி உக்காந்திருந்தது பத்தலையா? என் புள்ளை கையால எழுதினதை நான் ஒரு தடவை முழுசாப் பாக்கக் கூடாதா?" என்று படகிடம் முறையிட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும், பாவம்! அந்தக் கடைசி எழுத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் இல்லை. ஒருவர் ஆபீஸில். மூன்றாவது ஆள் இப்போது படகை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"வேண்டாம் அத்தை... சொன்னாக் கேளுங்க..."

மாமியார் அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தகட்டைத் தானே எடுத்தாள். களிம்பு நன்றாக ஊறியிருந்தது. ஒரே தள்ளு. மஞ்சளும் நீலமும் சுருண்டு விழுந்தன.

'மா' வரவில்லை. பாதி 'ம' இருந்தது. அதற்கப்புறம் சிவப்பே இல்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்பாக, சொரசொரப்பாக ஓர் ஒட்டு.

மாமியார் அதைத் தடவினாள். படகுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், ஒட்டு எது, உடைசல் எது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"இது இடிச்ச இடம். பெரிய இடி." ஒட்டைப் பார்த்தே கேட்டாள். "யாரு இடிச்சது?"

"நான்தான் அத்தை."

"நீயா? குளத்துல முழங்கால் தண்ணியில நின்னாலே உனக்குத் தலை சுத்தும்! நீ படகு ஓட்டினியா? யார்கிட்டடி கதை விடுற?"

ஆறு வருஷத்தில் முதல் நேர்ப்பேச்சு! இருவருமே கவனிக்கவில்லை. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கவனித்தார்கள்.

"அவரு இல்லாதப்போ... விளையாட்டா..."

"அண்ணி, போதும்!"

கொல்லைக் கதவருகே சின்னவன் நின்றிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன். கையில் பை அப்படியே இருந்தது. முகம் மட்டும் பதினெட்டு வயசுக்குத் திரும்பியிருந்தது.

"நான்தாம்மா. அண்ணனுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனேன். படகுத்துறை இரும்புத்தூண்ல கொண்டுபோய் மோதினேன். அப்பா தண்ணியில மூழ்கிப் போய் அப்போ ஒரு வருஷம்கூட ஆகல... நான் படகுல கால் வச்சா நீ உயிரோட இருக்க மாட்டேன்னு சொல்லியிருந்தே..."

"அதனால?"

"ஒட்டு போட்டும் தெரிஞ்சுதும்மா. நிறம் சேரல. பட்டை அடிச்சாத்தான் மறையும்னு அண்ணன் அடிச்சுட்டாரு. பட்டை மேலயும் சொரசொரப்பு தெரிஞ்சுது, அதை முழுசா மூட உன் பேரு எட்டல. நீளமா ஒரு பேரு வேணும். அவரு வாயில வந்தது அண்ணி பேருதான். 'கொஞ்ச நாள் போகட்டும், அம்மாகிட்ட நானே பக்குவமாச் சொல்றேன்'னாரு..."

ஆண்பிள்ளைகளின் அந்தக் கொஞ்ச நாள்! நாலு வருஷம் போயிற்று. பிறகு ஆளே போய்விட்டான். இவனோ, அண்ணி திட்டு வாங்கும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு மும்முரமாகச் சாப்பிட்டவன்.

மாமியாரின் கை ஓங்கியது. சின்னவன் கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றான். கை அந்தரத்தில் நின்று, தன் தலையிலேயே விழுந்தது.

"பாவி! நான் பாவி! ஏண்டி... நீ ஏண்டி சொல்லல? அவன் போனப்புறமாவது சொல்லியிருக்கலாமே!"

"எப்படி அத்தை சொல்றது?" மருமகளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "உங்களுக்குன்னு மிஞ்சினது தம்பி ஒருத்தன்தான். அவன்கிட்டயும் பேச்சை நிறுத்திட்டீங்கன்னா... அப்புறம் யார்கிட்ட பேசுவீங்க? ஃப்ரிட்ஜ்கிட்டயேவா?"

மாமியார் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சத்தம் போட்டாள். அடுத்த கணம் மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவர் புடவையிலும் நீலம், மஞ்சள், களிம்பு. "என்னை மன்னிச்சுடும்மா..." என்று ஒருத்தி, "ஐயோ அத்தை, பெரிய வார்த்தை..." என்று இன்னொருத்தி. இவ்வளவு நாள் ஆளுக்கொரு மூலையில் அழுதது அன்று ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. மாடித் துணிகள் வெகுநேரம் உலர்த்தப்பட்டன.

ஆனால் சாயங்காலம் என்பது யாருக்காகவும் காத்திருப்பதில்லையே. வாக்குக் கொடுத்தாயிற்று, படகு போயாக வேண்டும். சிவப்பு எழுத்துகள் இன்னும் இருந்தன.

"வேணும்னா அந்தாள்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா அத்தை? 'அ' மட்டுமாவது..."

"வேண்டாம்மா. உன் பேரை நீயே எடுத்தே. எதுத்தாப்புல உக்காந்து வேடிக்கை பாத்தவ நான். என் பேரை நான் எடுக்கிறேன்." தகட்டை வாங்கி வைத்தாள். 'அ'வின் பெரிய வயிற்றருகே கை அசைய மாட்டேன் என்றது. "கூடப் பிடியேன்..." என்றாள் சின்னக் குரலில்.

இரண்டு கைகளும் சேர்ந்து தள்ளின. பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார்கள். மெழுகு பூசித் துடைத்தார்கள். சின்னவன் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தான். வகிடு கலைந்திருந்தது, யாரும் சீப்பு எடுத்துக் கொடுக்கவில்லை.

படகு வாங்குகிறவர் வண்டியோடு வந்தார். ஒட்டுப்போட்ட இடத்தைச் சின்னவனே காட்டி, "நான் இடிச்சது சார்" என்றான். அவர் தட்டிப் பார்த்து, கெட்டியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு சாய்வு வெயிலில் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தார். வருஷக்கணக்கில் வெயில் குடித்துப் படகு முழுதும் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. பெயிண்ட் மூடியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளைக்குள் இன்னும் வெள்ளையாக, உற்றுப் பார்த்தால், ஒரு பெரிய வயிறு, ஒரு சுழி, அதற்கப்புறம் ஒரு புள்ளி வைத்த எழுத்து.

"என்னம்மா, இன்னும் ஏதோ தெரியுதே? அழுக்கு சரியாப் போகலையோ?"

மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கையை விடவில்லை.

"அழுக்கு இல்லப்பா," என்றாள். "அது வெயில் படாத இடம். பட்டா... அதுவும் ஒரு நாள் போயிடும். நீ மெதுவா ஓட்டிட்டுப் போ."