மூடுகல்

நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கணப்படுப்பின் அடிக்கல் ஈரமாக இருந்தது. டோலீனா துடைத்தாள். துணியை எடுப்பதற்குள் மறுபடி கசிந்தது. நாக்கில் வைத்தால் உப்பு.

கடலோரத்து இடிந்த கோட்டையிலிருந்து அவள் கணவன் ரோரி போன வாரம் பெயர்த்து வந்த கல். பாதாளச் சிறையின் வாயை மூடியிருந்தது என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

"ஊர்ல பாதி வீடு அந்தக் கோட்டைக் கல்லுதான். உன் அடுப்புக்கு மட்டும் ஆகாதாக்கும்?"

ஆகவில்லை. அன்றிலிருந்து நான்கு வயது மகன் ஃபின்லே தின்றுகொண்டே இருந்தான். ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, கருவாடு, எதுவும் போதவில்லை. தின்னத் தின்ன உடம்பு வற்றியது. பிள்ளை கைவிட்டுப் போய்விடுவானோ என்று இரவெல்லாம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். கிளாஸ்கோ டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாமென்றால், புயலில் தீவுக்கு வரும் கப்பல் நின்றுபோயிருந்தது.

அந்தப் பிற்பகலில், அடுப்பில் எரியும் சதுப்புக்கரியின் புகைக்குள் அழுகிய கடற்பாசியும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை எழ, கல்லுக்கடியில் யாரோ நகத்தால் பொறுமையாகச் சுரண்டும் சத்தம் கேட்க, ஃபின்லே குனிந்து அந்தக் கல்லோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். கடப்பாரையை எடுத்து நெம்பினாள். சத்தம் கேட்டு ரோரி உள்ளே வந்தான்.

"எடுத்த இடத்துலயே போட்டுட்டு வந்துடறேன். நீ பிள்ளையப் பாத்துக்க."

"இந்த மழையிலயா? பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

தள்ளுவண்டியில் கொண்டுபோனாள். கூரையில்லாத கோட்டைக்குள் அதற்குள் இருட்டிவிட்டது. சிறைக்குழியின் வாய்மேல் கல்லை நகர்த்தினாள். ஒரு கையளவு இடைவெளிதான் பாக்கி.

"அம்மா."

கீழேயிருந்து. ஃபின்லேயின் குரல்.

"இருட்டா இருக்கும்மா. தூக்கும்மா."

இடைவெளியில் சின்ன விரல்கள். பிடித்தாள். சூடாக இருந்தன. சுண்டுவிரலில், எப்போதோ கதவிடுக்கில் நசுங்கிப் பாதியாகிப்போன நகம். அவள் பிள்ளையேதான். மற்றக் கையால் கல்லை இழுத்தாள். அசையவில்லை.

பின்னால் காலடி. ரோரி. தோளில் கம்பளி சுற்றிய ஃபின்லே.

"உன்னைக் கேட்டு ஒரே அழுகை. அதான் தூக்கிட்டு... டோலீனா, அது யார் கை?"

தோளிலிருந்தவன் தலை தூக்கினான். கண்ணில் ஈரமில்லை. ரோரியின் கழுத்தைச் சுற்றிய கையில், சுண்டுவிரல் நகம் முழுசாக இருந்தது.

"மூடிடும்மா," என்றான்.

அவள் பிடியிலிருந்த விரல்களைக் கீழேயிருந்து யாரோ இழுக்கத் தொடங்கினார்கள்.