இருபத்தெட்டு வயது மீன்தொட்டி

எங்கள் வீட்டில் என்னைவிடப் பதினோரு வயது மூத்த மீன் ஒன்று இருக்கிறது. நம்பாதவர்கள் அம்பத்தூருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வயது பதினொன்று. அதற்கு இருபத்திரண்டு.

ஆரஞ்சு நிற உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. மற்ற மீன்கள் சாப்பிடும்போது அது மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நீந்தி மேற்பார்வை பார்க்கும். அதனால் அதற்கு மேனேஜர் அம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மேனேஜர் அம்மா குடியிருக்கும் தொட்டி அதைவிடப் பழையது. அப்பா பிளஸ் டூ முடித்த வருஷம் வைத்த கடல்நீர்த் தொட்டி. அதற்கு இப்போது இருபத்தெட்டு வயது. உள்ளே பாறைகளின்மேல் பவளங்கள் வளர்ந்திருக்கின்றன. பார்த்தால் செடி என்றுதான் நினைப்பீர்கள். செடி இல்லை, அவை உயிருள்ள பிராணிகள். விளக்கைப் போட்டதும் பச்சையும் ஊதாவுமாக விரல் விரலாக விரித்துக்கொண்டு ஆடும். பிடிக்காதது ஏதாவது நடந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும்.

பெருவெள்ளம் வந்தபோது ஐந்து நாள் கரண்ட் இல்லையாம். தண்ணீரில் காற்று கலக்க வேண்டுமென்று, அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றிக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றியே இதைப் பிழைக்க வைத்தார்களாம். எனக்கு அப்போது ஒரு வயது. நான் அழுதால்கூட யாரும் தூக்கவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அப்படிப்பட்ட தொட்டியின் முன்னால் ஒரு புதன்கிழமை காலை அப்பா உட்கார்ந்திருந்தார். பல் தேய்க்கும் பிரஷ் வாயிலேயே இருந்தது.

"போச்சு," என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பவளம்கூடத் திறந்திருக்கவில்லை. தோசைக்கல் அளவு வளர்ந்த பச்சைப் பவளம் ஓரத்தில் வெளுத்துப்போயிருந்தது. மேனேஜர் அம்மா மேற்பார்வையை விட்டுவிட்டு ஒரு மூலையில் ஒதுங்கி, வேக வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வாரமாக இதே கதைதான். அப்பா தண்ணீரை மாற்றினார். உப்பை மாற்றினார். விளக்கை மாற்றினார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதித்தார். எல்லாமே சரியாக இருந்தது. இரண்டு நாள் தேறும், மறுபடியும் சுருண்டுவிடும்.

"கஜபதிக்கு போன் பண்ணிட்டேன்," என்றார் அப்பா. "சனிக்கிழமை வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும். அவன் தொட்டியிலயாவது உயிரோட இருக்கட்டும்."

கஜபதி மாமா அப்பாவின் சிநேகிதர். கரையான்சாவடியில் கலர் மீன் கடை வைத்திருக்கிறார்.

"மேனேஜர் அம்மாவையுமா?" என்று கேட்டேன்.

அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா அழுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சமையலறை வாசலில் சுலோசனா அத்தை நின்றிருந்தார். அத்தை அப்பாவின் அக்கா. மாங்காட்டில் அத்தை வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். அதனால் எங்களோடு தங்க வந்திருக்கிறார்.

"நான் கால் வெச்ச நேரம்டி கண்ணு," என்றார் அத்தை. "நான் வந்து மூணு வாரம் ஆவுது. அதுக்கு முன்னாடி நல்லாத்தான இருந்துச்சி."

"அப்படியெல்லாம் இல்ல அத்தை."

"எனக்குத் தெரியாதா? சனிக்கெழம நானும் என் ஊட்டுக்குக் கெளம்பறேன்."

"அங்க இன்னும் கூரையே போடலையே."

"ஒரு தார்ப்பாயக் கட்டிக்கினா போச்சி," என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

தொட்டியில் எனக்கென்று ஒரே ஒரு வேலை உண்டு. தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஸ்கிம்மர் என்று ஒரு மெஷின் இருக்கிறது. அது ஒரு மெல்லிய டியூப் வழியாகக் காற்றை உறிஞ்சி, தண்ணீரில் நுரை பொங்க வைக்கும். தண்ணீரில் உள்ள அழுக்கெல்லாம் நுரையோடு மேலே ஏறி ஒரு கப்பில் சேரும். அந்தக் கப்பைக் கழுவுவதுதான் என் வேலை. எங்கள் வீட்டிலேயே அதிகமாக நாறும் பொருள் அதுதான். என் தோழி பவித்ரா ஒரு தடவை தெரியாமல் முகர்ந்துவிட்டு, அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

அதனால் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கப்பைக் கழற்றுவேன். அன்று அழுகை வந்ததால் மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது. உறிஞ்சியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கப்பில் கோயில் வாசனை அடித்தது.

மறுபடி முகர்ந்தேன். சாம்பிராணியேதான்.

அப்பாவின் நோட்டை எடுத்தேன். தொட்டியைப் பற்றித் தினமும் ஒரு வரி எழுதுவது அப்பாவின் வழக்கம். கடைசி மூன்று வாரத்தைப் புரட்டினேன். புதன், மூடியிருக்கு. சனி, மூடியிருக்கு. புதன், மூடியிருக்கு. சனி, மூடியிருக்கு. அதற்கு முந்தின நாட்கள் செவ்வாயும் வெள்ளியும். செவ்வாய், வெள்ளி சாயந்திரம்தான் அத்தை வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். வீட்டுக்குள் உள்ள புகையை மெஷின் டியூப் வழியாக இழுத்துத் தண்ணீரில் கலந்திருக்கிறது.

அப்பாவிடம் சொல்ல ஓடினேன். வழியில் அத்தை புடவைகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் கால் தானாக நின்றுவிட்டது.

சொன்னால், எல்லாம் என்னால்தான் என்று அத்தை இன்றைக்கே போய்விடுவார். சொல்லாவிட்டால் சனிக்கிழமை மேனேஜர் அம்மா போய்விடும். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் இதே யோசனைதான். அத்தை சாம்பிராணி போட்டால் போடட்டும். தொட்டி வேறு எங்காவது மூச்சு விடட்டும். அதற்கு வழி இருக்கிறதா?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் சாமான் டப்பாவைத் திறந்தேன். நீளமான டியூப் ஒரு சுருள் இருந்தது. அதை ஸ்கிம்மரின் டியூபோடு இணைத்தேன். சுவர் ஓரமாகவே கொண்டுபோய், ஜன்னல் கொசுவலையில் பூனை கிழித்து வைத்திருந்த ஓட்டை வழியாக வெளியே விட்டேன். அந்தப் பூனையை முதல் தடவையாக மனதுக்குள் பாராட்டினேன்.

ஆறு மணிக்கு அத்தை சாம்பிராணித் தட்டோடு வந்தார். கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு தொட்டிக்கு முன்னால் குனிந்து, அலமாரிக் கதவைத் திறந்து, தட்டை அப்படியே உள்ளே நீட்டினார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"மெதுவாப் பேசு. ஒங்கப்பன் கேட்டா சிரிப்பான்," என்றார் அத்தை. "இதும்மேல எவனோ கண்ணு வெச்சிட்டான். வந்த நாள்லருந்து காட்டிக்கினு கீறேன். தேறவே மாட்டேங்குது. அதான் இன்னிக்கி ரெண்டு கட்டி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தொட்டி சுருளச் சுருள, அதைக் காப்பாற்றத்தான் அத்தை புகை போட்டிருக்கிறார். நாளைக்கு வீட்டைவிட்டுப் போகப்போகிறவர், போவதற்கு முன்னால் இரண்டு கட்டி.

"நல்லாக் காட்டுங்க அத்தை," என்றேன். சுவரோரம் ஓடிய டியூபை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கஜபதி மாமா தெர்மகோல் பெட்டிகளோடு வந்துவிட்டார். அப்பா தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கஜபதி மாமா தொட்டியைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா மச்சான், வெளையாடறியா?" என்றார். "எல்லாம் செத்துகினு கீதுன்ன. இது ஜோரா கீதே."

அப்பா திரும்பினார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். பவளங்கள் எல்லாம் விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. மேனேஜர் அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்பது போல அப்பாவை முறைத்தது.

"டியூபை ஏன் மச்சான் ஜன்னலுக்கு வெளிய வுட்டுக்கீறே?" என்றார் கஜபதி மாமா. "பக்கத்து ஊட்ல மீன் வறுத்தா உள்ள கீறதுங்க இன்னா நெனைக்கும்?"

"நான் விடலையே," என்றார் அப்பா.

டியூபை விரலால் தொட்டுக்கொண்டே அலமாரி வரை போனார். கதவைத் திறந்து முகர்ந்தார். உள்ளே சிந்தியிருந்த சாம்பலை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அதே நேரம் அத்தை காபியோடு வந்தார். தொட்டியைப் பார்த்ததும் டம்ளர்கள் தட்டில் கடகடவென்று ஆடின.

"ஜெகா, பொழச்சிக்கிச்சா?" என்று அப்பாவைக் கேட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து ரெண்டு கட்டி காட்டினேன்டா. கண்ணு கழிஞ்சிடுச்சி."

அப்பா வாயைத் திறந்தார். அத்தைக்குத் தெரியாமல் நான் வேகமாகத் தலையை ஆட்டினேன். அப்பா என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"பையப் பிரிச்சு வை, அக்கா," என்றார். "கூரை போடற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது."

கஜபதி மாமா காலிப் பெட்டிகளோடு கிளம்பிப் போனார். அத்தை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே புடவைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அப்பா நோட்டை எடுத்து, சனி, எல்லாம் திறந்திருக்கு, என்று எழுதினார். அதற்குக் கீழே, காரணம், என்று எழுதிவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

நான் ‘ஜன்னல்’ என்று எழுதினேன்.